பழைய ஓட்டு வீட்டைப் புதுப்பித்துக் கொல்லையையும் அமைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கத்து ஊர்களில் 20 அடி அகலமும் 100 அடிக்கு மேல் நீளமுமாக நிற்கும் ஓட்டு வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. வாசலில் திண்ணை, உள்ளே ரேழி, நடுவில் முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், கூடம், அடுக்களை, கிணற்றடி, அப்புறம் கொல்லை. இப்படி ஒரு வீடு கைக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் சொல்லும் முதல் யோசனை, "இடிச்சுட்டுப் புதுசாக் கட்டிடு" என்பதுதான். அவசரப்பட வேண்டாம். சுவர்கள் சாயாமல் நின்று, தூணும் உத்திரமும் பெரும்பாலும் உறுதியாக இருந்தால் அந்த வீட்டைக் காப்பாற்றலாம். காப்பாற்ற வேண்டும் என்பதே என் கருத்து. ஒன்றரை அடிச் சுவரும் முற்றமும் ஓட்டுக் கூரையும் சேர்ந்து சித்திரை வெயிலில் தரும் சுகத்தை, அதே செலவில் கட்டும் கான்கிரீட் பெட்டி தராது.

இந்த வீடுகள் பழுதாவதற்கு வயதைக் காரணம் சொல்வார்கள். கிளறிப் பார்த்தால் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணமாக இருக்கும். ஒழுகும் ஓட்டிலிருந்து மரத்துக்கு இறங்கிய தண்ணீர், தெருவை உயர்த்தியதால் வாசலில் தேங்கிய தண்ணீர், அடைத்துப்போன முற்றத்துக் குழாயில் நின்ற தண்ணீர், தரைக்கடியிலிருந்து சுவரில் ஏறிய ஓதம். கரையானும் ஈரத்தைத் தேடித்தான் வருகிறது. அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் தண்ணீர் போகும் பாதையிலேயே நடக்கிறது. கூரையில் விழும் மழை கொல்லையில் மரத்துக்கோ கிணற்றுக்கோ போய்ச் சேரும் வரை வழியைச் சீராக்கிவிட்டால் மற்ற வேலைகள் எளிது. வீட்டையும் தோட்டத்தையும் ஒரே திட்டமாகப் பார்க்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

1. முதலில் காகிதம்

தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் நான்கையும் கையில் வைத்துக்கொண்டு கொல்லை வேலி வரை நீளத்தையும் அகலத்தையும் டேப் பிடித்து அளந்து பாருங்கள். பழைய பத்திரங்களில் எல்லை "கீழ்பக்கம் இன்னார் மனை" என்றே இருக்கும். கொல்லைக் கோடியில் பக்கத்து வேலி நகர்ந்து வந்திருப்பது சகஜம். அதைச் சுவர் எழுப்பும் முன் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். வாரிசுகள் பலர் இருந்தால் பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ பதிவாகாமல் ஒரு மூட்டை சிமென்ட்கூட வாங்காதீர்கள். மின் இணைப்பும் சொத்து வரியும் யார் பெயரில் இருக்கின்றன என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

ஓடு மாற்றுவது, பூசுவது, வெள்ளையடிப்பது போன்ற பழுதுபார்க்கும் வேலைக்குப் பொதுவாகத் திட்ட அனுமதி கேட்பதில்லை. அறை கூட்டுவது, மாடி எழுப்புவது, ஓட்டை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போடுவது என்றால் நிலைமை வேறு. 2019 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் அதற்குப் பொருந்தும். உங்கள் ஊராட்சியிலோ நகராட்சியிலோ கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

இந்தத் தெருக்களில் இரண்டு வீட்டுக்கும் நடுவே பொதுச்சுவர் இருக்கும். அதைத் தொட்டுத் தோண்டும் எந்த வேலையையும் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். வேலை தொடங்கும் முன் அவர்கள் பக்கத்து விரிசல்களையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் பின்னால் மனஸ்தாபம் வராது.

2. ஒரு மழை முழுக்க வீட்டைப் பாருங்கள்

இந்தக் கட்டத்தைத் தவிர்ப்பவர்களே அதிகம். எஞ்சினியரை அழைத்துப் பளீர் வெயிலில் காட்டினால் வீடு எதையும் சொல்லாது. ஐப்பசி அடைமழையில் ஒருநாள் காலையிலிருந்து இருட்டும் வரை உள்ளே இருந்து பாருங்கள். எந்த ஓட்டுக்குக் கீழே சொட்டுகிறது, முற்றத்தில் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கிறது, தெருத் தண்ணீர் திண்ணையை எட்டுகிறதா, கொல்லையில் எந்த மூலை குளமாகிறது. ஒரு சாக்குக்கட்டியால் சொட்டும் இடத்துக்குக் கீழே தரையில் குறியிட்டு, வீட்டின் வரைபடம் ஒன்றை நோட்டில் வரைந்து அதிலும் குறித்துவிடுங்கள். பின்னால் கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் இந்தப் படம்தான் பேசும்.

மழை நின்றதும் விரிசல்களைப் பாருங்கள். தலைமுடி அளவில் பூச்சில் மட்டும் ஓடும் விரிசல் பயமில்லை. செங்கல் வரிசையைப் பிடித்துப் படிப்படியாகச் சாய்வில் இறங்கும் விரிசலும், ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகும் விரிசலும் அஸ்திவாரம் அசைவதைக் காட்டுகின்றன. விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடும் தேதியும் போடுங்கள். குறுக்கே கொஞ்சம் ஜிப்சம் பூசிவிடுங்கள். அடுத்த சில மாதங்களில் அந்தப் பூச்சு விரிந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். அப்போது கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிடாமல் எதுவும் செய்யாதீர்கள். அப்படியே நின்றால் அது பழைய புண்; அடைத்துவிடலாம்.

மரத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல தேக்கு கணீரென்று ஒலிக்கும், கரையான் தின்றது பொத்தென்று ஒலிக்கும். சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திர முனையில் ஸ்க்ரூ டிரைவரைக் குத்தினால் எளிதாக இறங்குகிறதா என்று பாருங்கள். நடுவில் நன்றாக இருந்தும் முனையில் உளுத்திருப்பதுதான் இந்த வீடுகளில் அடிக்கடி காணும் குறை.

3. எப்போது தொடங்குவது, யாரை வைப்பது

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்ததும் தொடங்குங்கள். மாசி, பங்குனியில் கூரை. சித்திரை, வைகாசி வெயிலில் சுவர் காய வேண்டும். ஆனி, ஆடியில் பூச்சும் தரையும். ஆடிப்பட்டத்தில் கொல்லையில் விதை. புரட்டாசிக்குள் மழைநீர்க் குழாய் வேலை முடிந்திருக்க வேண்டும். இந்த வரிசையில் சுவர் காயும் காலத்தை மட்டும் யார் சொன்னாலும் சுருக்காதீர்கள்.

பழைய வீட்டில் சதுர அடிக்கு இவ்வளவு என்று காண்ட்ராக்ட் பேசுவது இரு பக்கத்துக்கும் நஷ்டம். பூச்சைத் தட்டினால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். மொத்தமாகப் பேசிய மேஸ்திரி அதை மூடி மறைக்கத்தான் பார்ப்பார். நாள் கூலிக்கு ஆள் வைத்து, பொருளை நீங்களே வாங்கிக் கொடுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவர், ஓட்டுக் கூரை தெரிந்த ஆசாரி ஒருவர், இந்த இருவரையும் பிடிப்பதுதான் கஷ்டம். பக்கத்தில் கோயில் திருப்பணி நடக்கும் இடத்தில் விசாரித்தால் கிடைப்பார்கள். போட்ட பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். கட்டாயம் தேவைப்படும்.

4. அப்புறப்படுத்துதல்

பின்கட்டில் எப்போதோ இறக்கிய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அதை உடைக்காமல், தண்ணீரை நன்றாகத் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்குங்கள். அந்தத் தூசி நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. வேலை செய்பவர்களுக்கு நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். துண்டைக் கட்டிக்கொள்வது போதாது.

கதவு ஜன்னலில் அடுக்கடுக்காக ஏறியிருக்கும் பழைய பெயின்ட்டிலும் கவனம் தேவை. பெயின்ட்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் போகக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்ததில் ஈயம் இருந்திருக்கலாம். உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல், நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். குழந்தைகளை அந்த நாட்களில் அங்கே விடாதீர்கள்.

கரையானுக்கு மருந்து அடிப்பது தரை போடும் முன் செய்ய வேண்டிய வேலை. ஏற்கெனவே கட்டிய வீடுகளில் சுவரும் தரையும் சேரும் கோட்டில் ஏறத்தாழ ஓர் அடிக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளைகள் போட்டு மருந்தை இறக்கி அடைப்பார்கள். கிணற்றுக்குப் பக்கத்துச் சுவரில் இந்த மருந்தைப் போட வேண்டாம். அங்கே கரையான் தின்ற மரத்தை மாற்றி, மரம் மண்ணைத் தொடாமல் கல் பீடத்தில் நிற்கும்படி செய்வதே பாதுகாப்பு.

5. கூரை

பணத்தில் பெரிய பங்கை இங்கே போடுங்கள். கூரை ஒழுகாத வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிதானமாகச் செய்யலாம்.

நம் பக்கத்தில் இரண்டு வகை ஓடு. கையால் செய்த நாட்டு ஓடு ஒன்று. சூளையில் அச்சு வைத்துச் செய்த சீமை ஓடு மற்றொன்று. சீமை ஓட்டை மங்களூர் ஓடு என்போம். 1865-ல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவியது அது. நாட்டு ஓட்டைக் குரங்கும் பூனையும் நகர்த்திவிடும். அதனால்தான் வருஷா வருஷம் கோடையில் ஓடு பிரித்து மாற்றும் வழக்கம் இருந்தது. ஆள் கிடைத்தால் நாட்டு ஓட்டையே வைத்துக்கொள்ளுங்கள், அது நல்ல குளிர்ச்சியான கூரை. கிடைக்காவிட்டால் சீமை ஓடுதான் நடைமுறைக்கு ஏற்றது.

சீமை ஓடு 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 140 பிடிக்கும். வாங்கும் முன் முதுகில் உள்ள முத்திரையைப் பாருங்கள். ஒரு சூளையின் ஓடு இன்னொரு சூளையின் ஓட்டோடு பொருந்தி உட்காராது. பள்ளமும் மேடும் கொஞ்சம் மாறும், அந்த இடைவெளியில் தண்ணீர் இறங்கும். உங்கள் பழைய ஓடு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். இடிக்கும் வீடுகளிலிருந்து வரும் பழைய ஓடு நன்றாக வெந்திருந்தால் புதியதைவிட உறுதி. விரலால் தட்டினால் மணிபோல ஒலிக்க வேண்டும்.

வேலை செய்யும் வரிசை இது. ஒரு சரிவு முழுவதையும் பிரிக்காமல், தார்ப்பாய் போட்டு மூடக்கூடிய அளவுக்கு ஒரு பகுதியை மட்டும் பிரியுங்கள். ஓட்டை இறக்கிக் கழுவி, விரிசல் விட்டதை ஒதுக்குங்கள். ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான ரீப்பரை முழுக்க மாற்றிவிடுங்கள். அதில் மிச்சம் பிடிப்பது வீண். ரீப்பருக்குக் கீழே சரிவாக ஓடும் கைமரத்தில் உளுத்ததை மட்டும் மாற்றினால் போதும். உத்திர முனை மட்டும் கெட்டிருந்தால் கெட்ட பகுதியை அறுத்துவிட்டு அதே மரத்தில் ஒட்டு வைத்து, இரு பக்கமும் இரும்புப் பட்டை கொடுத்து போல்ட் போட நல்ல ஆசாரியால் முடியும். பழைய பர்மா தேக்கு உத்திரத்தை முழுதாகக் கழற்றி விற்கச் சொல்லும் வியாபாரிகள் வருவார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். அந்தத் தரத்தில் மரம் இன்று வாங்க முடியாது. மாற்று மரம் வேண்டுமானால் இடித்த வீட்டு மரம் விற்கும் கடைகளில் தேடுங்கள். காரைக்குடியில் அப்படிப் பல கடைகள் இருக்கின்றன.

ஒழுகல் பெரும்பாலும் ஓட்டு நடுவில் வராது. முற்றத்து மூலைகளில் இரண்டு சரிவுகள் சேரும் கூடல்வாயில் வரும். அங்கே பழைய தகரம் துருப்பிடித்திருக்கும். அகலமான அலுமினியத் தகடு போட்டு, இரு பக்கமும் ஓட்டுக்குக் கீழே அரை அடிக்குக் குறையாமல் ஏறும்படி செய்யுங்கள். அடுத்து முகட்டு ஓடு. அதைச் சிமென்ட் கலவையால் கெட்டியாகப் பூசினால் வெயிலில் விரிசல் விடும். சுண்ணாம்பு அதிகமாகவும் சிமென்ட் மிகக் குறைவாகவும் கலந்த கலவை நெகிழ்ந்து கொடுக்கும்.

கூரைக்கு உள்பக்கம் சீலிங் ஓடு பதித்தால் வெக்கை குறையும், ஓர் ஓடு உடைந்தாலும் உடனே தலையில் சொட்டாது. இருட்டான அடுக்களைக்கு இரண்டு மூன்று கண்ணாடி ஓடு போதும், அதற்கு மேல் வைத்தால் வெயில் கொட்டும். சூடான காற்று வெளியேற முக்கோணச் சுவரில் துளை ஜன்னல் இருந்தால் அடைத்ததைத் திறந்துவிடுங்கள். எலியும் வௌவாலும் வராமல் வலை அடித்தால் சரி.

மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை போட்ட தட்டைக் கூரை) போட்ட சின்ன மாடி அறை இருந்தால் அதன் மேல் தட்டு ஓடு பெயர்ந்திருக்கிறதா, தண்ணீர் வழியும் சரிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஒழுகுகிறது என்று மேலே மேலே சிமென்ட் போட்டுப் பாரம் ஏற்றுவதே அந்தக் கூரைகளின் மரக்கட்டைகள் முறிவதற்கு வழி. பழைய அடுக்கைச் செதுக்கி எடுத்துவிட்டு, அதே எடைக்குள் புதிதாகப் போட வேண்டும்.

6. நிலமட்டமும் சுவரும்

பூச்சில் கை வைப்பதற்கு முன் வீட்டைச் சுற்றி நடந்து வாருங்கள். வெளி நிலம் உள் தரையைவிட உயர்ந்திருக்கும் இடமெல்லாம் சுவரில் ஓதம் ஏறியிருக்கும். கொல்லைப் பக்கம் காலங்காலமாகக் கொட்டிய சாம்பலும் மண்ணும் இலையும் சேர்ந்து ஓர் அடிக்கு உயர்ந்திருப்பது வழக்கம். அதைத் தோண்டி எடுத்து, சுவரிலிருந்து முதல் 10 அடிக்குள் அரை அடியாவது சரியும்படி நிலத்தைச் சீர் செய்யுங்கள். இந்த ஒரு வேலைக்கே பாதி ஓதம் குறையும். எடுத்த மண்ணைத் தள்ளிவிட வேண்டாம், மக்கிய மண் அது, பாத்திக்கு உதவும்.

தெரு உயர்ந்துவிட்டால் என்ன செய்வது? பழைய தார் அடுக்கைச் சுரண்டாமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பச் சாலை போட்டதால் பல வீடுகள் பள்ளத்தில் இறங்கிவிட்டன. சுரண்டிவிட்டுப் போட வேண்டும் என்று தமிழக அரசு 2021-ல் அறிவுறுத்தியது. உங்கள் தெருவில் அடுத்த முறை வேலை நடக்கும்போது எல்லாருமாகச் சேர்ந்து கேளுங்கள். அதுவரை வாசலில் கருங்கல் தடுப்பு ஒன்றும், அதற்கு உள்ளே தண்ணீரைப் பிடிக்கும் சிறு கால்வாயும் வையுங்கள். ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கும் முறையும் இருக்கிறது. சுண்ணாம்பில் கட்டிய பழைய சுவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பொறியாளர் நேரில் பார்த்து எழுதிக் கொடுத்தால் மட்டும் யோசிக்கலாம்.

சரி, சுவருக்கு வருவோம். பழைய செங்கல் சுவரின் அடியில் இன்று போடுவது போன்ற ஈரத்தடுப்பு அடுக்கு கிடையாது. மண்ணிலிருந்து ஈரம் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு நுண்துளைகள் வழியாக அதை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். இடுப்பளவு இருந்த ஓதம் தோளளவு வருவது இப்படித்தான். உப்பு பூத்துக் காரை பெயர, மறுபடி சிமென்ட், மேலே பிளாஸ்டிக் எமல்ஷன், அதற்கும் மேலே டைல்ஸ் என்று போய்க்கொண்டே இருப்பார்கள். செங்கல் உள்ளேயே பொடியாகிக்கொண்டிருக்கும்.

செய்ய வேண்டியது: ஓதம் ஏறிய கோட்டுக்கு மேல் மூன்று அடி வரை சிமென்ட் பூச்சை முழுவதும் தட்டி எடுங்கள். செங்கல் இடுக்குகளில் உதிரும் கலவையை முக்கால் அங்குலம் சுரண்டுங்கள். வெளியே தெரியும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு திரும்பச் சுவருக்குள் போகும். அப்படியே ஒரு கோடை முழுக்கக் காயவிடுங்கள். அதற்குப் பிறகுதான் சுண்ணாம்புப் பூச்சு.

நீர்த்த சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய ஆற்று மணல் இரண்டு முதல் மூன்று பங்கு என்பது அடிப்படைக் கலவை. ஈரப் பகுதியில் மணலில் ஒரு பாகத்துக்குப் பதில் நன்றாக வெந்த செங்கல் பொடி சேர்த்தால் பிடிப்பு கூடும். சுண்ணாம்பைக் குறைந்தது இரண்டு வாரம் ஊற வைக்க வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊற வைத்துப் புளித்த நீரைக் கலவையில் சேர்ப்பது நம் கொத்தனார்களின் பழைய முறை. பூச்சு இறுகவும் விரிசல் குறையவும் அது உதவுகிறது. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போடும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் கிட்டே விடாதீர்கள்; கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும்.

பூசிய சுவரை இரண்டு வாரமாவது வெயிலும் காற்றும் நேராகப் படாமல், ஈரச் சாக்குத் தொங்கவிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு சிமென்ட்டைப் போல மறுநாளே இறுகாது. மேலே வெள்ளையடிப்பதும் கிளிஞ்சல் சுண்ணாம்பாக இருக்கட்டும். சுவர் மூச்சு விட வேண்டும் என்று இவ்வளவு செய்துவிட்டுக் கடைசியில் எமல்ஷன் அடித்தால் எல்லாம் வீண்.

7. தரை

பழைய சிவப்பு ஆக்சைடு தரை அங்கங்கே விரிசல் விட்டிருந்தாலும் அதை உடைக்காதீர்கள். பாதம் பட்டுப் பட்டு வந்த பளபளப்பைப் புதிதாக வாங்க முடியாது. விரிசலை அதே நிறக் கலவையில் அடைத்து, தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவந்தால் போதும். புதுத் தரை போட வேண்டிய அறைகளில் ஆத்தங்குடி டைல்ஸ் போடலாம். கண்ணாடிப் பலகையின் மேல் கையால் வார்த்து, தண்ணீரில் ஊற வைத்து இறுகவைக்கும் கல் அது, சூளையில் சுடுவதில்லை. அமிலம் கலந்த கிளீனரை அதன் மேல் ஊற்றக் கூடாது. முற்றத்துக்கும் கிணற்றடிக்கும் வழுக்காத கருங்கல் அல்லது சொரசொரப்பான கடப்பா. வழவழப்பான விட்ரிஃபைடு டைல்ஸை முற்றத்தில் போட்டு வயதானவர்கள் விழுந்த வீடுகள் நிறைய.

8. கரண்ட், குழாய், கழிப்பறை

பழைய ஒயரைப் பாதி வைத்துப் பாதி மாற்றும் யோசனையே வேண்டாம். முழுதாக மாற்றுங்கள். விளக்குக்கு 1.5, சாதாரண பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. மீட்டருக்கு அடுத்து, மின்கசிவு வந்தால் தானே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் வேண்டும். ஈரச் சுவர் உள்ள வீட்டில் உயிரைக் காப்பது அதுதான். புதிதாக எர்த்திங் குழி போடுங்கள். சுண்ணாம்புச் சுவரில் ஆழமாகக் காடி வெட்டிச் சேதப்படுத்தாமல், பைப்பைச் சுவருக்கு வெளியே ஒழுங்காக ஓட்டினால் பார்க்கவும் நன்றாகவே இருக்கும்.

கழிப்பறை பெரும்பாலும் கொல்லைக் கோடியில் இருந்திருக்கும். இப்போது வீட்டுக்குள் வேண்டும் என்பது நியாயம்தான். அடுக்களைக்குப் பின்னால், வெளிச்சுவரை ஒட்டி வையுங்கள். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவே திணித்தால் குழாய்க் கசிவு பழைய சுவரைத் தின்னும். கழிவுநீர் நிலத்தில் இறங்கும் உறைக்குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். 20 அடி மனையில் அது முடியவில்லை என்றால் கிணற்று நீரைச் செடிக்கும் துணி துவைக்கவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாதாளச் சாக்கடை இருந்தால் உடனே இணைத்துவிடுங்கள். பழைய செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய ஒருபோதும் மனிதரை இறக்காதீர்கள். 2013 ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். அதற்கு மேலாக, அந்தக் குழிகளில் உயிர்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. கழிவுநீர் லாரியை அழையுங்கள்.

9. கிணறும் மழைநீரும்

தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஓட்டு வீட்டில் கணக்கு எளிது. 1,000 சதுர அடிக் கூரை என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் பெய்தால், ஓடு உறிஞ்சியதும் தெறித்ததும் போக 3,700 லிட்டர் அளவுக்குக் கையில் நிற்கும். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகையில் இப்படிப் பல நாட்கள் வரும்.

கூரையின் தாழ்ந்த ஓரமான இறவாணத்தில் 10 அடிக்கு ஓர் அங்குலச் சரிவில் அரைவட்டக் குழாய் கட்டுங்கள். முற்றத்தில் விழும் தண்ணீரையும் சேர்த்து, சல்லியும் மணலும் நிரப்பிய வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றுக்கு விடுங்கள். பருவத்தின் முதல் மழையில் ஓட்டுத் தூசியும் பறவை எச்சமும் வரும். அதைத் தோட்டத்துக்குத் திருப்பிவிட ஒரு வால்வு வையுங்கள். முற்றத்துக் குழாய் பழைய சூளைக் குழாயாக, தரைக்கடியில் உடைந்து கிடந்தால் தோண்டி எடுத்துவிட்டு ஆறு அங்குல பிவிசி போடுங்கள். சிறியது போட்டால் அடைமழையில் முற்றம் நிறைந்து கூடத்துக்கு ஏறும்.

கிணற்றைத் தூர்வாரக் கோடைதான் காலம். பல வருஷம் மூடிக் கிடந்த கிணற்றில் பிராணவாயு இல்லாமல் போயிருக்கலாம். காற்றடிக்கும் மோட்டார் வைத்து நெடுநேரம் காற்றை மாற்றி, வாயு அளக்கும் கருவியால் சோதித்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே இருவர் நின்றால்தான் ஒருவர் இறங்க வேண்டும். டீசல் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டக் கூடாது. தூர்வாரியபின் நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். கிணற்றின் வாய்க்குக் கொசு வலையும் இரும்புக் கிராதியும் போட்டுவிடுங்கள்.

10. கொல்லை

வேலை நடக்கும்போதே கொல்லையைக் காப்பாற்றுங்கள். சிமென்ட், சுண்ணாம்பு, செங்கல் கட்டி எல்லாவற்றையும் அங்கேதான் கொட்டுவார்கள். அது மண்ணில் கலந்தால் காரத்தன்மை ஏறி, மல்லிகையும் எலுமிச்சையும் இலை மஞ்சளடித்து நிற்கும். எத்தனை உரம் போட்டாலும் தேறாது. இடிபாட்டுக்கு ஒரு மூலையைத் தார்ப்பாய் விரித்து ஒதுக்கி, முடிந்ததும் மொத்தமாக வெளியேற்றுங்கள்.

திசையைப் பார்த்துத் திட்டமிடுங்கள். கிழக்கு பார்த்த வீடு என்று வைத்துக்கொள்வோம். கொல்லை மேற்கே வரும். பிற்பகல் வெயில் முழுக்க அடுக்களைச் சுவரில் அடிக்கும். அந்தச் சுவரிலிருந்து நான்கடி தள்ளி மூங்கில் பந்தல் போட்டு அவரை, புடலை, பீர்க்கை ஏற்றுங்கள். சுவரில் நேராகக் கொடியைப் படரவிடக் கூடாது; ஈரமும் வேரும் பூச்சைக் கெடுக்கும். பந்தல் நிழலில் கிணற்றடியும் துணி துவைக்கும் கல்லும் வந்தால் வேலைக்கு இதம்.

அடுக்களைத் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் போகும் இடத்தில் வாழை. எண்ணெய்ப் பிசுக்கு நிற்க ஒரு சிறு தொட்டி, அடுத்துச் சல்லி நிரப்பிய சிறு கால்வாயில் கல்வாழை, அதைத் தாண்டி வாழைக்குழி. நம் பக்கத்துக்குப் பூவனும் மொந்தனும் நன்றாக வரும். மொந்தன் இருந்தால் இலைக்கும் காய்க்கும் கடைக்குப் போக வேண்டாம். வீட்டுச் சுவரிலிருந்து 10 அடியாவது இந்த ஈரம் தள்ளியிருக்கட்டும்.

20 அடி அகலக் கொல்லையில் ஒரு தென்னைக்கு மேல் இடமில்லை. தோப்பில் 25 அடி இடைவெளி விடும் மரம் அது. ஓட்டிலிருந்து குறைந்தது அந்த 25 அடி தள்ளி, கோடியில் வையுங்கள். மட்டையோ காயோ விழுந்தால் பத்து ஓடு போய்விடும். முருங்கைக்கிளை லேசான காற்றுக்கே முறியும், கம்பளிப்பூச்சியும் வரும். அதனால் அதுவும் கோடியில்தான். பெரியகுளத்தில் உருவாக்கிய பி.கே.எம்-1 ரகம் விதையிலிருந்தே வளர்ந்து விரைவில் காய்க்கும், உயரத்தையும் வெட்டிக் கட்டுப்படுத்தலாம். நடுப்பகுதிக்கு நாட்டு எலுமிச்சை, கொய்யா, மாதுளை, கறிவேப்பிலை. மா வேண்டும் என்று ஆசையாக இருக்கும். சின்னக் கொல்லையில் அது ஒன்றே முழு வெயிலையும் எடுத்துக்கொள்ளும். அரசு, ஆல், அத்திக் கன்று சுவர் இடுக்கில் முளைத்தால் இலை விட்ட அன்றே வேரோடு எடுங்கள். வெட்டினால் மறுபடி தழைக்கும், வேர் சுவரைப் பிளக்கும்.

டெல்டாக் களிமண்ணில் மழைக்காலத்தில் தண்ணீர் நின்று செடி அழுகும். மரக்குழிகளை இரண்டடிக்கு இரண்டடி தோண்டி, மேல்மண்ணோடு மக்கிய சாணமும் மணலும் கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். காய்கறிக்கு ஓர் அடி உயர மேட்டுப்பாத்தி. வெண்டை, கத்தரி, கொத்தவரை ஆடிப்பட்டத்தில். கீரையை ஐப்பசியில் விதைத்தால் மழை அடித்துக்கொண்டு போகும். தையில் விதைத்தால் மாசி முழுக்கப் பறிக்கலாம். மரக்கன்றுகளைப் புரட்டாசியில் வைத்தால் பருவமழையே வேர் பிடிக்க வைத்துவிடும்.

பூச்செடி வைக்க வாசலையும் முற்றத்தையும் மறந்துவிடாதீர்கள். முற்றத்தில் துளசி மாடம், ஓரமாகத் தொட்டியில் முல்லை. குண்டுமல்லிக்கு முழு வெயில் வேண்டும். கொல்லை நடுவில் வைத்து, நவம்பர் கடைசியில் ஒன்றரை அடி உயரத்துக்குக் கவாத்து செய்தால் பங்குனியிலிருந்து பூக்கும். பவழமல்லியை ஜன்னலுக்கு வெளியே சிறிது தள்ளி வையுங்கள். நந்தியாவட்டையும் செம்பருத்தியும் வேலியாகவே நிற்கும்.

பாதையைச் சிமென்ட்டால் மூடாமல் இடித்தபோது கிடைத்த பழைய செங்கல்லை மணலில் பதித்து அமையுங்கள், மழை உள்ளே இறங்கும். உடைந்த ஓட்டை எறியாமல் பாத்திகளுக்கு விளிம்பாக நட்டுவிடலாம். விறகும் கல்லும் குவிந்து கிடக்கும் இடத்தில் பாம்பு அடையும் என்பதால் அவற்றை மேடைமேல் அடுக்குங்கள். கிணற்றடிக்கும் கழிப்பறைக்கும் போகும் வழியில் இரவு விளக்கு ஒன்று அவசியம்.

புரட்டாசி முதல் வாரத்தில் கூரைக்கு ஆள் ஏற்றி நகர்ந்த ஓட்டைச் சரி செய்து, கூடல்வாயிலும் இறவாணக் குழாயிலும் சேர்ந்த சருகை அள்ளுங்கள். வடிகட்டித் தொட்டியின் மணலை அப்போதே எடுத்து அலசிப் போடுங்கள். உதிரியாக ஐம்பது சீமை ஓடு, அதே முத்திரையுள்ளதாக, கொல்லைச் சுவரோரம் அடுக்கி வைத்திருங்கள். பத்து வருஷம் கழித்து அந்தச் சூளை இருக்குமா என்று சொல்ல முடியாது.